இவர்ட நெஞ்சுக்குள்ள நான் பார்த்த ரெட்டைக் கதவு

டிக்… டிக்… டிக்…

சுபஹு தொழுதுட்டு இவர் பாயில சரிஞ்சா பக்கத்துல எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். கொழும்புல இவர்ட நெஞ்சுக்குள்ள வச்ச இரும்பு வால்வுட சத்தம். நாட்டுல சண்டை முடிஞ்ச அடுத்த வருஷம் வச்சது. எங்கட ஊர் தில்லையடியில காத்தில்லாத காலையில அது அடுப்படி வரைக்கும் கேட்கும்.

ஒரு நோம்பு மாசத்துல, இருபது நாள் கழிஞ்சு, அந்தச் சத்தம் மங்கிப் போச்சு… சீலைக்குள்ள சுத்தின மணிக்கூடு மாதிரி. ரெண்டு அடி நடக்க இவருக்கு மூச்சு வாங்கிச்சு.

"குளிசை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" எண்டு கேட்டன்.

"நோம்பு தொடங்கினதுல இருந்து குடிக்கல்ல" எண்டார்.

ரத்தம் கட்டியாகாம இருக்கக் குடிக்கிற குளிசை அது. பின்னேரம் ஆறு மணிக்கு எண்டு கிளினிக்குல எழுதித் தந்தது. நோம்பு துறக்க ஆறரை ஆகும். இவர்ட ராத்தா, எங்கட மதினி, "மணி தப்பிக் குடிச்சா நஞ்சுடா தம்பி, நோம்பு மாசம் முடிஞ்சு குடி" எண்டு செல்லியிருக்கா. இவரும் கேட்டிருக்கார்! எனக்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. அரை மணித்தியாலம் பிந்திக் குடிச்சா என்ன குறைஞ்சிரும்…

அண்டைக்கே வேன் புடிச்சு கொழும்புக்குப் போனம். நெஞ்சுல குளிரா களி ஒண்டைப் பூசி ஸ்கேன் பண்ணினாங்க. இரும்புட நிழல் விழுந்து சரியாத் தெரியல்லயாம். அந்தக் கருவியையே மெல்லிய குழாயில வச்சுத் தொண்டையால இறக்கணுமாம்.

"ஆறு மணித்தியாலம் ஒண்டும் திங்கக் கூடாது" எண்டார் டொக்டர்.

"அது எங்களுக்குப் பழக்கம் சேர்" எண்டார் இவர். அந்த நேரத்துலயும் பகிடி.

சிங்களம் விளங்கும் எண்டு என்னையும் உள்ள விட்டாங்க. இருட்டு அறை. வாயில குழாயோட இவர் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கார். நான் தலையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறன்.

திரையில… விடியப் போற நேரத்துக் களப்புத் தண்ணி மாதிரி எல்லாம் சாம்பலா, மெல்ல மெல்ல அசையுது. நடுவுல சின்ன ரெட்டைக் கதவு. ஒண்டு திறந்து மூடுது. மத்தது அசையவே இல்ல. அதுல பாசி மாதிரி என்னவோ ஒட்டியிருந்திச்சு.

"அம்மே, அது ரத்தக் கட்டி. மருந்தால கரைச்சுப் பார்ப்பம். கரையாட்டி திரும்ப நெஞ்சைத் திறக்கணும். தாங்குவாரா தெரியாது" எண்டார் டொக்டர் சிங்களத்துல.

மதினி பேரீச்சம்பழத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தா. நான் கை நீட்டல்ல.

மருந்து ஏத்தி ரெண்டாம் நாள், திரும்ப அதே அறை. ரெண்டு கதவும் ஒண்டாத் திறந்து ஒண்டா மூடிச்சு. அல்ஹம்துலில்லாஹ்…

குழாயை எடுத்ததும் கரகரத்த குரல்ல கேட்டார், "என்ன புள்ள தெரிஞ்சிச்சு?"

"ரெண்டு கதவும் திறக்குது."

"நீ பார்த்தியா?" எண்டார், பொறாமைப்பட்ட மாதிரி.

அதுக்குப் பிறகு ஒன்பது வருஷம் நோம்பு புடிச்சார். கண்ணை மூடி மவுத்தானது வேற வருத்தத்துல, நெஞ்சு நோயால இல்ல. மதினிக்குப் பெருநாளைக்கு சலாம் செல்லுவன், அதுக்கு மேல கதை இல்ல.

போன மாசம் பேத்திட வயித்தை ஸ்கேன் பண்ண சிலாபம் போனம். படுத்திருக்கிற ஆளும் பார்க்கட்டும் எண்டு செவுத்துல பெரிய டிவி ஒண்டு வச்சிருக்காங்க. அவ படுத்துக்கிட்டே புள்ளையைப் பார்த்துச் சிரிச்சா.

அண்டைக்குக் கொழும்புல அப்பிடி ஒண்டு இருக்கல்ல. இவர் தன்ட நெஞ்சைப் பார்க்காமலே போயிட்டார்… எங்கட வீட்டுல அதைப் பார்த்தது நான் ஓராள்தான்.