ப்ரோஃபே என்று கூப்பிட்ட நான்கு எண்கள்

எங்கள் கல்லூரியில் வினாத்தாள் அச்சடிக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். அதனால் பூட்டுக்காரர் என்றே பெயர். கெட்டுப்போன தாளைக்கூட எண்ணித்தான் கிழிப்பார். பக்கத்து அறை நூலகத்தில் இருக்கும் என் குப்பைக் கூடையையும் ஒரு தடவை கிளறியிருக்கிறார். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அப்படிப்பட்டவர் கண்ணில் மகளின் போன் பட்டது. அவள் ஸ்பானிஷ் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். திரையில் 'ப்ரோஃபே, எப்ப வருவீங்க?' என்று ஒரு செய்தி. கீழே வேறோர் எண்ணிலிருந்து இன்னொரு ப்ரோஃபே. மொத்தம் நான்கு எண்கள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெற்றவன் வைத்த பெயர் இருக்க, செல்லப்பெயர் வைக்க இவர்கள் யார்? அவள் குளித்துவிட்டு வருவதற்குள் போன் பீரோவுக்குள் போய்விட்டது.

போனிலேயே அவர்களுக்கு ஸ்பானிஷ் பாடம் சொல்லித்தருகிறேன் என்றாள் மகள். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று அவர் காதில் வாங்கவில்லை. வியாழக்கிழமை வரைக்குமாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். நாள் குறித்துச் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஸ்பானிஷ் பேராசிரியை நகலெடுக்க வந்தார். யாருக்காகவோ கேட்பதுபோல இவர் அந்த வார்த்தையைக் கேட்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"பாடம் சொல்லித்தர்றவங்கள ஸ்பானிஷ்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க சார். ப்ரொஃபெசோர்ங்கிறதோட சுருக்கம். ஆணோ பெண்ணோ, எல்லாரும் ப்ரோஃபேதான். மரியாதையும் இருக்கும், கொஞ்சம் பாசமும் இருக்கும். மனசுக்குப் பிடிச்சவங்கன்னா கண்டிப்பா அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அப்போதும் மனிதர் ஒரேயடியாக நம்பிவிடவில்லை. வீட்டுக்குப் போய் போனை எடுத்துக் கொடுத்து, தன் எதிரிலேயே நாலு பேரிடமும் பேசச் சொன்னார். நாலு பேரும் வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் நர்சுகள். அந்த வேலைக்கான ஸ்பானிஷ் பேச்சுத் தேர்வு வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. மூன்று பேர் எப்படியோ தேறிவிட்டார்கள். ஒருத்தி பயத்தில் வாயே திறக்கவில்லையாம்.

மகள் போனை வைத்துவிட்டுச் சொன்னதை அவரே என்னிடம் வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்க நாலு பேரும் என்னை நேர்ல பாத்ததுகூட இல்லப்பா. ஆறு மாசமா என்னை நம்பினாங்க. நீங்க என்னைப் பொறந்ததுலேர்ந்து பாக்குறீங்க."