நிலாவில் ஒரு தலைக்கட்டு

சில வருடங்களுக்கு முன்பு, பழவேற்காடு ஏரியில் மழைத்தண்ணீர் வடிந்து எறா, அதாவது இறால், பிடிக்கத் தொடங்கிய சமயம் அது. லைட்ஹவுஸ் குப்பத்தில் அக்கா வீட்டுக்காரரின் ஃபைபர் போட்டில் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் ரகசியம் ஒன்று யாருக்கோ தெரிந்துவிட்டது என்று தெரிந்து, ஆனால் அது யார் என்று தெரியாமல், கண்ணில் படுகிறவர்களையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

ரகசியம் என்றதும் கடத்தல், சாராயம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கதை எழுதினேன். அதுவும் விண்வெளிக் கதை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு விண்வெளி ஒன்றும் புதிதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ராக்கெட் என்றால் எங்களுக்குப் பிழைப்பு கெட்ட நாள், அவ்வளவுதான். மேலே புகையைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்து வலை பின்னிக்கொண்டிருப்போம்.

எனக்கு மட்டும் அந்தப் புகை போய்ச் சேரும் இடத்தின் மேல் ஒரு பைத்தியம். பொன்னேரியில் கல்லூரி படிக்கும்போது ஆரம்பித்த பழக்கம், போனிலேயே விண்வெளி நாவல்களாகப் படித்துத் தள்ளுவேன். அப்படித் தேடும்போதுதான் இரண்டு ஆண்கள் காதலிக்கும் விண்வெளி நாவல்கள் என்று ஒரு வகையே இருப்பது தெரிந்தது. ஒரு கப்பலில் கேப்டனும் மெக்கானிக்கும் காதலிப்பார்கள். அந்தக் கப்பலில் யாருமே அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. முதல் நாவலைப் படித்து முடித்த அன்று நான் அழுதேன். எனக்கு எந்த ஊரில் இடம் இருக்கிறது என்று அத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன், பூமியை விட்டு வெளியே போனால்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

ஒரே குறை, அந்த நாவல்களில் பலவற்றில் கடைசியில் இருவரில் ஒருவன் செத்துப்போவான். கடுப்பில் நானே ஒன்று எழுத ஆரம்பித்தேன். கதைகள் போடும் ஆப் ஒன்றில், ஒரு பெண் பெயரில், வாரத்துக்கு ஒரு அத்தியாயம்.

என் கதை ஒரு நிலாவில் நடக்கிறது. நம் நிலா இல்லை, வேறு எங்கோ. அங்கே ஓர் உப்பு ஏரி. அதில் வலை கட்டும் இரண்டு ஆண்கள். எழுதுகிறவனுக்குத் தெரிந்ததுதானே எழுத்தில் வரும், அந்த நிலாவிலும் எங்கள் ஊர்ப் பாடு முறையையே வைத்துவிட்டேன். ஏரியில் எறா அதிகம் வரும் இடங்களுக்கு எங்கள் பக்கம் சீட்டுப் போடுவார்கள். குடத்திலிருந்து யார் சீட்டு வருகிறதோ அவர்கள் அந்த இடத்தில் முறை வைத்து வலை கட்டுவார்கள். அதற்குப் பெயர் பாடு. ஆனால் குடத்தில் சீட்டு விழ வேண்டுமென்றால் நீங்கள் ஒரு தலைக்கட்டாக இருக்க வேண்டும். எங்கள் குப்பத்தில் தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆண். கல்யாணம் ஆகாதவன் எத்தனை வயதானாலும் அடுத்தவர் போட்டில் ஆள்தான். நைனா, அதாவது என் அப்பா, இறந்தபோது எங்கள் வீட்டுச் சீட்டும் நின்றுபோனது. அது திரும்ப வர வேண்டுமென்றால் நான் தாலி கட்ட வேண்டும். அம்மா இதைச் சொல்லாத நாள் கிடையாது.

அதனால் என் நிலாவில் அந்த இரண்டு பேரையும் சேர்த்து ஒரே தலைக்கட்டாக நிற்க வைத்தேன். ஊர் கூடி ஒத்துக்கொள்வதாக எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அந்த அத்தியாயத்துக்குக் கீழேதான் அந்தக் கேள்வி வந்தது. "ரெண்டு ஆம்பள ஒரே தலைக்கட்டுன்னா குடத்துல எத்தினி சீட்டு? ஒன்னா ரெண்டா?"

எனக்கு வியர்த்துவிட்டது. என் கதையைப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். சென்னை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள். காதல் நன்றாக இருக்கிறது, அடுத்த பகுதி எப்போது என்று கேட்பார்கள். காதலை விட்டுவிட்டுச் சீட்டைப் பற்றிக் கேட்கிறவன் ஏரிக்கரைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் ஏதோ எண்கள், படம் கிடையாது. "நீங்கள் யார்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. டீக்கடைக்குப் போனால் பேச்சு சட்டென்று நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று நினைப்பேன். நிற்காவிட்டால், உஷாராக நடிக்கிறார்கள் என்று நினைப்பேன். எங்கள் போட்டில் வரும் இன்னொருவர் போனைப் பார்த்து அடிக்கடி சிரிப்பார். ஒருநாள் அவர் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். குழந்தை ஒன்று வாழைப்பழம் சாப்பிடும் வீடியோ. பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் என் நண்பர். முன்பு ஒருமுறை போனை ரிப்பேருக்கு அவரிடம்தான் கொடுத்திருந்தேன். "இன்னாபா, மூஞ்சி இப்டி கீது?" என்று அன்பாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வியையும் இரண்டு நாள் வைத்து ஆராய்ந்தேன். பிறகுதான் அவருக்குத் தலைக்கட்டு, குடம் எல்லாம் தெரியாதே என்று புத்தியில் உறைத்தது.

ஆளைப் பிடிக்க ஒரு பொறி வைத்தேன். அடுத்த அத்தியாயத்தில், நங்கூரத்தில் நீலக் கயிறு ஒரு துண்டு கட்டினால் ஏரிக் காற்று படகை அடித்துக்கொண்டு போகாது என்று அந்த நிலாக்காரர்கள் நம்புவதாக எழுதினேன். படிக்கிறவன் ஒரு ஆசைக்காவது கட்டிப் பார்ப்பான் அல்லவா? மறுநாள் காலை கரையோரம் ஒவ்வொரு போட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லா நங்கூரத்திலும் நீலக் கயிறு. எங்கள் குப்பத்தில் கயிறு என்றாலே நீல நைலான்தான் என்பது எழுதும்போது எனக்கு நினைவே இல்லை. இப்படி ஒரு துப்பறியும் நிபுணர் நான்.

இதற்கு நடுவில் அம்மா எளாவூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்துவிட்டார். நல்ல குடும்பம், நர்ஸ் வேலைக்குப் படித்த பெண். நான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். காரணத்தை எப்படிச் சொல்வது? விஷயம் வெளியே வந்தால் போட்டில் இடம் போகும், அம்மா கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது. யாரோ ஒருவருக்கு ஏற்கெனவே தெரியும் என்ற பயம் வேறு. கல்யாணம் பண்ணிக்கொண்டால் அந்த வாயையும் அடைத்துவிடலாம், நைனாவின் சீட்டும் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். சரி என்றேன்.

அந்த வாரம் என் கதையும் அப்படியே திரும்பியது. இருவரில் ஒருவன், தனக்கென்று சீட்டு வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறான். போட்ட சிறிது நேரத்தில் அந்த எண்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது. "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

கதையைக் கேட்கிறாரா, என்னைக் கேட்கிறாரா? மிரட்டலா? பெண் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறாரா? கதையை மொத்தமாக அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் கிளம்பினோம். அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், நான். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர். பள்ளிக்கூடம் பாதியில் விட்டவர். கரையில் வலை தைக்கும்போது எப்போதும் காதில் இயர்போன் மாட்டியிருப்பார். பழைய பாட்டு கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். வழி நெடுக நான் பின்னால் வரும் பைக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருவன் ரொம்ப நேரமாகத் தொடர்ந்து வந்தான். அவன்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பால் கேன் இறக்க அவன் ஒரு கடையில் நின்றுவிட்டான்.

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். அம்மாவும் அக்காவும் வேனிலேயே இருந்தார்கள். மாமா டீயை வாங்கிக்கொண்டு ஒரு லாரிக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாடா?" என்றார்.

டீ என் சட்டையெல்லாம் கொட்டியது. யார் யாரையோ சந்தேகப்பட்டேன், எதிரே உட்கார்ந்து தினமும் வலை இழுக்கிற இந்த மனிதரை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

"எந்தப் பொண்ணுக்கு மாமா?" என்று உளறினேன்.

"நிலாவுல கீற பொண்ணுக்கு இல்ல. இங்க பூ வெச்சிகினு நமக்காக குந்தினுகீற பொண்ணுக்கு. அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவரே சொன்னார். போட்டில் மணி பார்க்க என் போனை எடுத்திருக்கிறார். நான் பாதி எழுதிய அத்தியாயம் திறந்தபடி இருந்திருக்கிறது. நம் பாடு முறையைப் பற்றி எழுதுகிறானே என்று தன் போனிலும் ஆப்பைப் போட்டு, போனையே கதையை வாசிக்க வைத்துக் காதில் கேட்டிருக்கிறார். வலை தைக்கும்போது அவர் கேட்டதெல்லாம் என் கதைதான்.

"அருவருப்பா இல்லையா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"மொதல்ல பேஜாராத்தான் இருந்துச்சு. உம் மூஞ்சிய பாக்கவே புடிக்கல. அப்பால கதையில அவன் வலையில மாட்டிகினு தண்ணிக்குள்ள போனான் பாரு, இவன் கை கிழிஞ்சும் கயித்த வுடல. அடுத்து இன்னா ஆச்சோன்னு இருந்துச்சு. நான் இன்னா பண்றது, சொல்லு." பிறகு, "ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு போதும்டா. ஒரே போட்லதான போறாங்க" என்றார்.

அந்த லாரிக்குப் பின்னால் நின்று நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. யாராவது வருகிறார்களா என்று சாலையைப் பார்த்தபடி நின்றார்.

நான் அழுது முடித்ததும் மாமா நேராக வேனுக்குப் போய், தனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, வண்டியைத் திருப்பு என்றார். அக்கா நடுரோட்டில் சண்டைக்கு நின்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாமா அசையவில்லை. பெண்ணின் அப்பாவுக்குத் தானே போன் செய்து, பெண் மேல் ஒரு குறையும் இல்லை, தப்பு எங்கள் பக்கம்தான், மன்னித்துவிடுங்கள் என்றார்.

அவர் காரணம் சொல்லவில்லை. அதனால் ஊர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. மச்சான் தலைக்கட்டாகிவிட்டால் சொந்தமாகத் தொழில் பார்க்கப் போய்விடுவான், அவனைக் காலமெல்லாம் தன் போட்டில் ஆளாகவே வைத்துக்கொள்ளத்தான் கல்யாணத்தைக் கெடுத்தார் என்று பேசினார்கள். அக்காவே அதை நம்பினாள். வீட்டில் அவரோடு பல நாள் பேச்சு வார்த்தை இல்லை. டீக்கடையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். மாமா டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு வந்தார். பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவர் பெயர் சுத்தமாகிவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் சொல்ல முடியாது. அது அவருக்கும் தெரியும்.

அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதுவும் கரையேறி எறாவைத் தரம் பிரிக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார். "கடைசியில ஒருத்தன சாவடிச்சிடாத, இன்னா?"

சாகடிக்கவில்லை. கதை முடிந்துவிட்டது, நிலாவில் அவர்கள் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். இங்கே நான் இன்னும் தலைக்கட்டு ஆகவில்லை, ஊர் அவரை இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கிறது. என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து வலை இழுப்பது எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வராத அன்றைக்குக் கடலுக்குள் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.