ஸ்டோர் ரூம் பிரின்டர்

எங்கள் கம்பனியின் கந்தோர் வெள்ளவத்தையில். கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை. இரண்டு இடத்துக் கணினி வலையமைப்பும் என் தலையில். பழைய இணைய முகவரி முறையை விட்டுப் புதியதற்கு மாறுவது என்று முடிவானபோது, ஒரே நாளில் மாற்றினால் எல்லாம் குழம்பும் என்று நான்தான் வாதாடினேன். ஒரே வயரில் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். கருவிகளை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றுவோம். பழையதில் கதைக்க ஒரு கருவியும் மிச்சமில்லை என்றானதும் அதை நிறுத்துவோம். இதுவரை நேர்மையான தொழில்தான்.

இந்த மாற்றத்துக்கென்று ஒப்பந்தத்தில் ஒரு பிள்ளையை எடுத்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வாயும் ஓயாது, கையும் ஓயாது. வேலையை விறுவிறுவென்று முடித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் பதைப்பாக இருந்தது. பழையது நிற்கும் அன்று அவளுடைய ஒப்பந்தமும் முடிந்துவிடும். வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான்.

ஸ்டோர் ரூமில் ஒருவரும் தொடாத பிரின்டர் ஒன்று கிடந்தது. அதைப் பழைய முறையில் மட்டும் இணைத்தேன். சர்வர் அதை அடிக்கடி கூப்பிட்டு 'இருக்கிறாயா' என்று கேட்கும்படி ஒரு சின்ன நிரலும் எழுதிவிட்டேன். திரையில் பழைய முறையின் பாவனையைக் காட்டும் கோடு பூச்சியத்துக்கு இறங்காமல் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. "மல்லி, இன்னும் முடியவில்லையா?" என்று மேலாளர் என்னைத் தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைக் காட்டினேன். பெரிய தருமவான் நான். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

அவளோ பழையதில் மிச்சமிருந்த அந்தக் கருவியை உண்மையிலேயே தேடினாள்.

"பிள்ளை, இஞ்ச நான் பாத்திட்டன், ஒண்டுமில்லை. கிளையில தேடிப் பாரும்" என்றேன். பாவம், கொட்டாஞ்சேனையில் மேசை மேசையாகக் குனிந்து வயர்களைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் கையெல்லாம் தூசியோடு ஓடி வந்தாள்.

"அண்ணா, ஆளைப் பிடிச்சிட்டன்! பேப்பர் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனன், ஒரு பிரின்டரில லைட் மினுங்குது. உங்கட கண்ணிலயும் படேல்லை, பாத்தீங்களே! புதுசுக்கு மாத்திட்டன். இனிப் பழையதை நிப்பாட்டலாம்."

பிறகு கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு சொன்னாள். கிருலப்பனையில் ஒரு கம்பனி அவளை நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருந்ததாம். "அண்ணாவைத் தனியத் தேட விட்டிட்டு அரைகுறையில எப்பிடிப் போறது? இப்ப ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். இனிக் கேட்டுப் பாக்கிறன்."

என் முன்னாலேயே போன் எடுத்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். "பரவாயில்ல" என்று போனை வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலில் அவள்மீதுதான் கோபம் வந்தது. நானும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிரின்டர் கதையைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பதிலாகச் சர்வரில் இருந்த என் நிரலை அழித்தேன்.

பழையதை நிறுத்தினோம். மேலாளர் கேக் வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, வேற வேலைக்கு விண்ணப்பம் போடேக்க உங்கட பேரைக் குடுக்கட்டே? நீங்கள் சொன்னா நம்புவினம்."

"ஓம் பிள்ளை, குடும்" என்றேன்.