அழுகல் வேறு, நசுங்கல் வேறு

கதவின் கீழ் விளிம்பைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிறார் டாக்டர். ‘டங்’ என்றால் தலையாட்டுவார். ‘டொப்’ என்றால் முகம் சுருங்கிவிடும். பழக்கதோஷத்தில் “வலிக்குதா?” என்று கேட்டும்விடுவார். அந்தப் பழைய பிக்கப் வண்டி இதுவரை பதில் சொன்னதில்லை.

வாரம் முழுக்க அந்தப் பெண்மணி பல் டாக்டர். ஞாயிறானால் எண்ணெய்க் கறை படிந்த முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அக்காவின் செடிப்பண்ணைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு வந்துவிடுவார். வெல்டிங் கற்றுக்கொள்ள மாலை வகுப்புக்கே போனவர். தகட்டில் கை வைக்குமுன் பற்பசை வந்த அட்டைப் பெட்டியைக் கத்தரித்து ஓட்டையில் பொருத்திப் பார்ப்பார். அதனால் வண்டியின் விலாவில் எப்போதும் எங்காவது ‘பளிச்சிடும் வெண்மை’ என்று எழுதியிருக்கும். நகக்கண்ணில் துருவைப் பார்த்து முகம் சுளிக்கும் நோயாளிகளிடம், “அழுக்கு இல்லீங்க, ஞாயித்துக்கிழமை” என்பார்.

துருவும் அவருக்குச் சொத்தைதான். துளி விட்டாலும் பரவும். சுரண்டுவார், வெட்டுவார், மறுபடி சுரண்டுவார். பண்ணைக்குச் செடி ஏற்ற வண்டி வாங்கிய அக்காவோ, அது கொட்டகையை விட்டு நகரும் வழியைக் காணாமல் பொருமிக்கொண்டிருந்தாள்.

“நான் வண்டி கேட்டேன். நீ அதுக்கு ஆபரேஷன் பண்ணிட்டிருக்க. ஓட்டையில பட்டிப் பசையை அப்பி பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது. யாருடி தோண்டிப் பாக்கப் போறா?”

“உள்ள சொத்தையை வச்சுக்கிட்டு மேல பூசணுமா? அதுக்கு வேற ஆளைப் பாரு.”

“பாக்குறேன்.”

பார்த்தேவிட்டாள். அடுத்த ஞாயிறு, பட்டி டப்பாவும் கையுமாக, வண்டித் தகடு தட்டிச் சரிசெய்யும் டிங்கர் ஒருவர் வந்து நின்றார். டாக்டர் கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பதையே குடும்பத் தொழிலாகக் கொண்ட அக்காவின் கணவர், சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று வண்டிக்குள் ஏறினார்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. தரை கல்லு மாதிரி இருக்கு, பாருங்க!” என்று குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. வண்டிக்கு அடியில் செருப்பு மட்டும் தனியாக வந்து விழுந்தது.

டிங்கர் குனிந்து செருப்பை எடுத்தார். பட்டி டப்பாவை ஓரமாக வைத்தார். “தகடு இருக்காம்மா?” என்றார். அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

ஜெயித்துவிட்ட தெம்பில் டாக்டர் திரும்பினார். அக்கா, கணவரின் காலில் சிராய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. வண்டி இல்லாததால் கைவண்டியில் செடித் தட்டுகளைத் தள்ளித் தள்ளி வந்த புண். வாய்க்கு வாய் பேசுகிறவள் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. டாக்டருக்குச் சுருக்கென்றது. யாருக்காக இழைத்து இழைத்துச் செய்கிறோம் என்பதே இடையில் எங்கோ நழுவிப் போயிருந்தது.

“அக்கா, அழுகினதெல்லாம் வெட்டிடறேன். நசுங்கினது இருக்கட்டும். நசுங்கலோட வண்டி ஓடும்.”

“நீயா பேசுறே?”

அவரேதான். ஆனால் செய்வது லேசாக இல்லை. தரைக்குப் புதுத் தகடு வைத்தார்கள். கதவின் அடிப்பாகத்தை அறுத்துப் புதிதாகப் பற்றவைத்தார்கள். இடது மட்கார்டின் பள்ளத்தைக் கடக்கும்போதெல்லாம் சுத்தியலுக்குப் போன கையை டாக்டர் இழுத்துக்கொண்டார். ஒருமுறை டிங்கரே, “ஒரே தட்டு, எடுத்துடலாமே” என்று ஆசை காட்டினார். “எனக்கு ஒண்ணோட நிறுத்த வராதுங்க” என்றார் டாக்டர், நிஜமான பயத்தோடு.

நிறத்தில் கடைசிச் சண்டை. டாக்டர் வெள்ளை கேட்டார்.

“வெள்ளையா? ஒரு மூட்டை எருவுக்கே பல்லை இளிச்சிடும்டி. மண் கலர் அடி.”

மண் கலரே அடித்தார்கள்.

முதல் பாரம் ஏற்றிய காலை, அக்காவின் கணவர் எரு மூட்டைகளை ஏற்றுமுன் மண்வெட்டியை வண்டிக்குள் வீசினார். அது கிறீச்சென்று புதுப் பெயிண்டை நீளமாகக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. அவர் நாக்கைக் கடித்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

டாக்டர் குனிந்தார். விரலை எச்சிலில் நனைத்துக் கீறலைத் துடைத்தார். அடிப்பூச்சு சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது, இரும்பு தெரியவில்லை. நிமிர்ந்து விரலைச் சட்டையில் தேய்த்துவிட்டு, அடுத்த மூட்டைக்கு இரண்டு கைகளையும் நீட்டினார்.