அக்கா வயலுக்கு நான் இழுத்த ஒயர்

பூதலூர்ப் பக்கம் அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர். மச்சான் துபாயில். நிலத்தைக் குத்தகைக்கு விட அவர் முடிவு செய்தபோது, "இந்த ஒரு போகம் நான் பாத்துக்குறேங்க" என்று மன்றாடிச் சம்மதம் வாங்கியிருந்தாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தனியே விட்டு அடிக்கடி வயலுக்குப் போக முடியாது. அதனால், தண்ணீர் போதுமான அளவு ஏறியதும் மோட்டாரை நிறுத்த ஒரு கருவி கேட்டாள். கருவிகளை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லுகள்தான் என் பிழைப்பே.

தண்ணீரை அளக்க வயலில் ஒரு சில்லு, அந்த அளவைப் பார்த்து மோட்டாரை நிறுத்தவும் அக்கா போனுக்கு அனுப்பவும் கொட்டகையில் ஒன்று, நடுவே நூறடி ஒயர். அவ்வளவு தூரத்துக்கு ஆர்.எஸ். 485 இணைப்புதான் சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கான சில்லு கூரியரில் வர நான்கு நாள் ஆகும். விதை முளைகட்டியாகிவிட்டது, அது காத்திருக்காது. ஐ-டூ-சி என்ற இணைப்பு கைவசம் இருந்தது. அது ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்துச் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக உருவானது. மேசையில் ஒரு முழ ஒயரில் ஓடியது வயலிலும் ஓடும் என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. போதாக்குறைக்கு, புதிதாகத் தோண்டினால் வரப்பு கசியும் என்று, மோட்டாரின் கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே என் ஒயரையும் நுழைத்தேன். வயலிலிருந்து பதில் வராவிட்டால் கடைசி அளவையே வைத்துக்கொள் என்று புரோகிராம் எழுதியவனும் நான்தான்.

விதைத்த ஐந்தாம் நாள் காலையில் மோட்டார் போட்டாள். மதியம் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னும் ஓடுது. போன்ல அரை அங்குலம்னே காட்டுது. போய்ப் பாத்துட்டு வரவா?"

"வேண்டாங்க்கா. காஞ்ச மண்ணு, குடிக்கும்."

மோட்டார் கிளம்பியபோதே அதன் கரண்ட் ஒயரிலிருந்து வந்த மின் இரைச்சலில் என் ஒயரின் இணைப்பு செத்திருந்தது. சாயங்காலம் அவள் போனபோது முளைக்கு மேல் பாதி முழங்கால் அளவு தண்ணீர். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. வடிவதற்கு மூன்று நாள் ஆயிற்று. முளையெல்லாம் அழுகி நாறியது.

மச்சான் போனில் வந்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டார்: "ஒன் தம்பி வச்ச மெஷின் என்னாச்சு?"

"அது நல்லாத்தாங்க இருக்கு. நாந்தான் அதை ஆஃப் பண்ணிட்டு மோட்டாரைப் போட்டேன். மறந்துட்டேன்."

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், ஒனக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு. குத்தகைக்கு விட்டுரு."

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரிங்க" என்றாள்.