லிஃப்ட் பாஸ்டர்

லிஃப்ட் பெட்டியின் தலைமேல் குந்தி, இரும்புக் கயிற்றைப் பழந்துணியால் பிடித்து மெல்ல உருவிக்கொண்டிருந்தான், லிஃப்டைச் சோதிக்க வந்த மெக்கானிக். துணி சிக்கும் இடத்தில் கயிற்றின் இழைக்கம்பி ஒன்று அறுந்திருக்கிறது என்று பொருள். கூடவே, சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு. சுருதி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நான் நர்ஸாக இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில், அவன் குரல் கேட்டதும் காதுக் கருவியைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு.

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் அவனுக்குப் பட்டப்பெயர் 'பாஸ்டர்'. கேலிக்கு வைத்ததுதான். கூப்பிட்டால், "சொல்லுங்க பிரதர்!" என்று முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவான். பொய்ச் சான்று தர மறுத்து ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் வேலை போனது. இது மூன்றாவது.

அன்று துணி ஏழு இடத்தில் சிக்கியது. கம்பெனியோ 'எல்லாம் சரி' என்று நிரப்பிய படிவத்தை முன்னதாகவே அனுப்பியிருந்தது. அவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மேலதிகாரி போனில் கத்தியது எனக்கே கேட்டது.

"போட்டுட்டு வா. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!"

"ஞாயித்துக்கிழமை ஆண்டவர் பேரைச் சொல்லிட்டு, திங்கக்கிழமை இதுல கையெழுத்துப் போட எனக்கு வராது சார்."

லிஃப்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். சீருடைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். பிறகு மனைவிக்கு போன்.

"போடலைம்மா."

"தெரியும். நாளைக்குப் பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துல நீங்களே விடுங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

சிரித்துவிட்டான்.

சிரிக்காதவர் மூன்றாம் மாடித் தாத்தா. சக்கர நாற்காலிக்காரர். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போய் நாலு பேரிடம் வம்பு பேசுவதுதான் அவருக்கிருந்த ஒரே ஊர்சுற்றல்.

"உனக்கு மோட்சம், எனக்கு மேல்மாடியில ஜெயிலா? உன் ஆண்டவர் வந்து என்னைத் தூக்கிட்டுப் போவாராடா?"

இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார்.

மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு, வேலையில்லாத மனுஷன் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தான். தாத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் கட்டிலோரம் முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு" என்றேன்.

"சரிங்க சிஸ்டரம்மா" என்று மடக்கி உட்கார்ந்தவன், தாத்தாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.