பஸ் புறப்படுமுன் மூடுகிற பை

புடைவைக் கடையில் நிற்பவனுக்கும் சப்பாத்துக் கடையில் நிற்பவனுக்கும் வராத ஒரு வயிற்றெரிச்சல் பைக் கடையில் நிற்பவனுக்கு வரும்: நீங்கள் எடுத்துக் கொடுத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் உங்களைக் கேட்கமாட்டார், பக்கத்தில் நிற்பவனிடம் திரும்பி "எப்பிடி இருக்கு?" என்பார்.

யுத்த காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு பைக் கடையில் வேலை பார்த்தேன். பக்கத்தில் நின்றவன் பெயர் ரிஸ்வான். வீடு நகரத்தின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில். வயதிலும் எனக்கு இளையவன், கடைக்கு வந்ததும் எனக்குப் பிறகுதான். முதலாளி கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை திறக்கப் போவதாகவும், எங்கள் இருவரில் ஒருவரை அதற்குப் பொறுப்பாக அனுப்பப் போவதாகவும் சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும். மனேஜர் என்ற பெயருக்காகக்கூட இல்லை. ரிஸ்வான் இல்லாத ஒரு கடையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வேலையிடத்தில் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்தே வயிறு எரிந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரிஸ்வானின் சோதனைச் சாவடி

அந்த நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் ஏறினால் நேரே போய் இறங்கிவிட முடியாது. இடையில் ஆமிக்காரர் மறிப்பார்கள். எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மூடிக்கொண்டு நடக்க வேண்டும். பஸ் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும். பையை மூடத் தாமதித்தவர்களுக்காக அது நிற்காது.

ரிஸ்வான் இதை வியாபாரமாக்கிவிட்டான். யாராவது ஒரு முதுகுப்பையைப் பிடித்துப்போய் எடுத்தால், அதற்குள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி, குடை, பேப்பர் எல்லாம் வைத்துக் கொடுத்து, தான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் விறைப்பாக நின்றுகொண்டு, பையைத் திறக்கச் சொல்லும் ஆமிக்காரர் மாதிரிச் சிங்களத்தில் "பேக் எக அரின்ன" என்பான். வாங்க வந்தவர் பையைத் திறந்து காட்டி மூட வேண்டும். எங்காவது சிக்கினால் அந்தப் பை திரும்பவும் தட்டுக்குப் போய்விடும். சனம் இதற்காகவே கடைக்கு வந்தது. வாங்காதவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

எனக்கோ பொக்கெட்டுகள் என்றால் உயிர். முன்னுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, உள்ளே ஒரு கள்ளப் பொக்கெட் என்று இருந்த ஒரு சாம்பல் நிறப் பையை, கோட்டையில் வங்கியொன்றில் வேலை செய்த ஒரு அக்காவுக்கு விரித்து விரித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரிஸ்வானின் மேசைக்குப் போய், ஒரே சிப் வைத்த கறுப்புப் பையொன்றை வாங்கிக்கொண்டு, போகிற வழியில் எனக்கும் ஆறுதல் சொன்னார்.

"தம்பி, நீர் காட்டின பேக் வலு வடிவு. ஆனா அதைப் பூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ் கோட்டைக்குப் போய்த் திரும்பிப் பாணந்துறைக்கே போயிடும்."

உறுதியான பை

ரிஸ்வான் சாப்பிடப் போயிருந்த நேரம் ஒரு இளைஞர் வந்தார். வவுனியாவிலிருந்து வந்து கொழும்பில் கணக்காளர் படிப்புப் படிக்கிறவர். கடையில் நான் மட்டும்தான். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். தட்டிலிருந்ததிலேயே தடித்த துணியில் தைத்த பையை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, பத்து வருஷம் உழைக்கும் என்று சொல்லி விற்றுவிட்டேன். சிப்பும் ஒன்றுதான். ரிஸ்வானின் பாடத்தை நானும் படித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

பையின் நிறம் கடும்பச்சை. ஆமிக்காரரின் பச்சை. அந்தக் காலத்தில், அதுவும் வவுனியா அடையாள அட்டையோடு திரிகிற ஒருவருக்கு, அந்தப் பச்சையை விற்றால் புலியென்று சந்தேகப்பட்டு மறிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. விற்கிற அவசரத்தில் கண்ணில் படவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அவர் களைத்துப்போய் வந்தார். காலையில் மறித்தவர்கள் மத்தியானம்தான் விட்டார்களாம். ரிஸ்வான் அதை வாங்கி வைத்துவிட்டு மண்ணிறத்தில் வேறொன்று கொடுத்தான். அவர் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்க சொன்னது சரிதான், நல்ல உறுதியான பேக். அந்த ஆமிக்காரரும் இழுத்துப் பாத்திட்டு அதைத்தான் சொன்னவை."

நானும் மறித்தேன்

அவன் செய்தால் சனம் சிரிக்கிறது, நான் செய்தால் என்ன என்று ஒருநாள் துணிந்துவிட்டேன். வந்தவர் ஒரு சிங்கள இளைஞர். கட்டையாக வெட்டிய தலைமயிர், இஸ்திரி போட்ட சேர்ட். தங்கச்சி வேலைக்குப் போக ஒரு சின்னப் பை வேண்டும் என்றார். நான் பையை நிரப்பிக் கொடுத்து, மேசைக்கு அந்தப் பக்கம் போய், நெஞ்சை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி "பேக் எக அரின்ன" என்று ஒரு போடு போட்டேன். வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் தன் பையையும் திறந்துவிட்டார்.

இளைஞர் சிரிக்கவில்லை. திறந்தார், காட்டினார், மூடினார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்:

"நான் அந்தச் சந்தியில பஸ் மறிச்சு நிக்கிறவன்தான், தம்பி. நாங்க இவ்வளவு சத்தமாக் கேக்கிறதில்ல."

முதலாளியின் முடிவு

இத்தனைக்கும் பிறகு கொட்டாஞ்சேனைக் கடை ரிஸ்வானுக்குத்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். கடைக்கு நடந்து போய்வரலாம், மத்தியானம் வீட்டிலேயே சாப்பிடலாம் என்று தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் சொல்லுவான். நான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். உள்ளுக்குள் புகையும்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, கொட்டாஞ்சேனைச் சாவியை என் கையில் வைத்தார். கடையில் மூத்தவன் நான், இந்த மனிதர் கடைசியில் ஆள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவோடு பேசாமல் வெளியே வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. ஏன் என்னைத் தெரிந்தெடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

"ரிஸ்வானை அனுப்பினா இஞ்ச வாற சனம் அவனைத் தேடும், தம்பி. உம்மை அனுப்பினா ஒருத்தரும் தேடமாட்டினம்."

எனக்கொரு பை

வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த நான் இதுவரை வேலைக்குப் பையே கொண்டுபோனதில்லை. கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. இனி ஒவ்வொரு நாளும் கொழும்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும். சாப்பாட்டுப் பெட்டி, குடை, தண்ணீர்ப் போத்தல், தமிழர் கையோடு கொண்டு திரிய வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றுக்கும் ஒரு பை வேண்டும். இவ்வளவு காலம் பை விற்றவன், எனக்கென்று ஒன்றைத் தெரிந்தெடுக்கத் தட்டுக்கு முன்னால் நின்று தடுமாறினேன். கை தன்பாட்டுக்கு அந்தச் சாம்பல் நிறப் பைக்குப் போனது. முதுகில் மாட்டினேன். மாட்டிக்கொண்டு, என்னையும் அறியாமல், ரிஸ்வானிடம் திரும்பி "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கருநீலத்தில் ஒரு சின்னப் பையை எடுத்தான். ஒரு சிப், அகன்ற வாய், தோள்பட்டியில் மெத்தை. எனக்குரிய சாமான்களை அவனே அதில் அடுக்கினான். மேசைக்கு அந்தப் பக்கம் போனான். "பேக் எக அரின்ன" என்றான். திறந்தேன், காட்டினேன், மூடினேன். எங்கும் சிக்கவில்லை. அவனுக்குக் கிடைக்காத கடைக்குப் போகிறவனுக்கு அவன் அதைவிட நல்ல பை கொடுத்திருக்க முடியாது. அது எனக்கு இன்னும் எரிந்தது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் பையின் பட்டியை இழுத்துச் சரிசெய்தபடி சொன்னான்:

"நான் அங்கேந்து இங்க வாறன், நீங்க இங்கேந்து அங்க போறீங்க, அண்ணன். காலையில ரெண்டு பேரும் ஒரே இடத்துல பேக்கத் திறந்துகிட்டு நிப்பம், என்னக் கண்டா கைய காட்டுங்க."

யுத்தம் முடியும்வரை அந்தப் பை ஒருநாளும் சிக்கவில்லை, அதனால் ஒரு பஸ்ஸும் எனக்குத் தவறவில்லை, அதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.